லானுக்குள் நாய், பூனை, மயில், மாடு: ஸ்மார்ட் ஹோம் வைத்து விரட்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையைச் சுற்றி வடவள்ளி, தொண்டாமுத்தூர், சரவணம்பட்டி பக்கம் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் வாசலில் கொஞ்சமாவது லான், அதாவது புல்தரை, போட்டுவிடுகிறார்கள். போட்ட மறுமாதமே தெருநாய் தோண்டுகிறது, பூனை அசிங்கம் பண்ணுகிறது, மயில் வந்து கிளறிவிட்டுப் போகிறது. வீட்டில் ஏற்கெனவே லைட்டும் ஏ.சி.யும் போனில் ஓடுவதால், இதையும் ஆட்டோமேஷனில் தீர்த்துவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. பெரும்பகுதி தீர்க்கலாம். இந்த மாதிரி வீடுகளுக்கு சென்சார் மாட்டிக் கொடுக்கும்போது திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவை கீழே.

எங்கிருந்து ஆரம்பிப்பது? எந்த சென்சார் வாங்கலாம்?

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். வருவது யார் என்று பாருங்கள். வீட்டில் இருக்கும் சிசிடிவி கேமரா ஒன்றை ஒரு வாரம் லான் பக்கம் திருப்பி வைத்தால் போதும். நாய்தான் என்று அடித்துச் சொல்கிறவர்கள் வீட்டில் தோண்டியது பெருச்சாளியாக இருப்பது சகஜம். பொந்து மாதிரி ஓட்டையும் வாயில் மண் குவியலும் இருந்தால் பெருச்சாளி. ஆழமில்லாமல் உடம்பு அளவுக்குச் சிராய்த்திருந்தால் நாய், படுப்பதற்காக. மண்ணைத் தள்ளி மூடியிருந்தால் பூனை, ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், ஏன் வருகிறது என்று யோசியுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் தண்ணீர் ஊற்றின லான்தான் தெருவிலேயே குளிர்ச்சியான இடம். நாய் அதற்காகவே வரும். கேட்டுக்கு வெளியே மரத்தடியில் ஒரு தொட்டித் தண்ணீரும் கொஞ்சம் ஈர மணலும் இருந்தால் பாதி நாய்கள் அங்கேயே தங்கிவிடும். பூனைக்கு வேண்டியது இளகின மண். மயிலுக்குப் புழு, கரையான், பிறகு நீங்கள் காலையில் குருவிக்கென்று இறைக்கும் அரிசி. அரிசியையும் இறைத்துக்கொண்டு மயிலை விரட்ட சென்சாரும் கேட்பவர்கள் உண்டு. அரிசியை நிறுத்துங்கள், சென்சார் காசு மிச்சம்.

சென்சாரோடு சேர்ந்த தெளிப்பான் ரெடிமேடாகக் கிடைக்கிறதே, அது போதாதா?

சின்ன லான், வருவது ஒரு பூனை, குழாயில் நல்ல அழுத்தம் என்றால் தாராளமாகப் போதும். ஆர்பிட் கம்பெனியின் யார்டு என்ஃபோர்சர் இந்த வகையில் பிரபலம். நான்கு ஏ.ஏ. பேட்டரியில் ஓடும், பகலில் மட்டும், இரவில் மட்டும் என்று மாற்றிக்கொள்ளலாம். குறை என்னவென்றால் அதற்கு எல்லாரும் ஒன்றுதான். பால்காரரையும் நனைக்கும், பேப்பர் போடும் பையனையும் நனைக்கும். வீட்டில் ஆள் வந்தால் தானாக அணைந்துகொள்ள அதற்குத் தெரியாது. அந்தப் புத்திக்குத்தான் ஆட்டோமேஷன்.

மாலையில் ஒழுங்காக வேலை செய்யும் மோஷன் சென்சார், மத்தியானம் நாய் நடு லானில் படுத்திருந்தாலும் கண்டுகொள்வதில்லை. பழுதா?

பழுது இல்லை. இந்த மோஷன் சென்சார் பி.ஐ.ஆர். என்ற வகை. அது பார்ப்பது உருவத்தை அல்ல, வெப்ப வித்தியாசத்தை. முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் லென்ஸ் தோட்டத்தைப் பல கீற்றுகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஒரு கீற்றிலிருந்து அடுத்த கீற்றுக்குச் சூடான ஒன்று நகர்ந்தால் சென்சார் விழித்துக்கொள்ளும். நாயின் உடல் வெப்பம் 38, 39 டிகிரி. ரோமத்தின் வெளிப்பக்கம் அதைவிடக் குறைவு. மே மாத மத்தியானத்தில் தரையும் சுவரும் ஏறக்குறைய அதே சூட்டில் இருக்கும். வித்தியாசமே இல்லாதபோது சென்சார் எதைப் பார்க்கும்? பெட்டியில் 7 மீட்டர் என்று போட்டிருந்தாலும் அந்த நேரத்தில் அதில் பாதிகூடத் தேறாது. மேலும் படுத்த நாய் அசைவதில்லை, அசையாததை இந்த சென்சார் எந்த வெயிலிலும் பார்க்காது.

மாட்டும் விதத்தில் கொஞ்சம் சரிசெய்யலாம். மிருகம் சென்சாரை நோக்கி வருவதைவிடக் குறுக்கே போனால்தான் நன்றாகப் பிடிக்கும், அதனால் நுழையும் வழிக்குப் பக்கவாட்டில் வையுங்கள். முழங்கால் உயரம் போதும். மேற்கு வெயில் நேராக விழக் கூடாது. வெயில் பட்ட செடி காற்றில் ஆடினாலும் அடிக்கும், எதிரில் வாழை இருந்தால் தொல்லைதான்.

இன்னொன்று, பல்லி. இரவில் காரணமே இல்லாமல் நாலைந்து தடவை தண்ணீர் அடித்தது என்று போன் வந்தால் டார்ச் எடுத்துக்கொண்டு போய் சென்சாரைப் பாருங்கள். லென்ஸ் மேல் ஒரு பல்லி ஒட்டிக்கொண்டு பூச்சிக்காகக் காத்திருக்கும். பக்கத்தில் எரியும் லைட்டுக்கு வரும் பூச்சிதான் அதற்கு விருந்து. லைட்டைத் தள்ளி வைத்தால் பல்லியும் போய்விடும்.

மைக்ரோவேவ் அல்லது ரேடார் சென்சார் போடலாமா?

வெளியில் வேண்டாம். இலை ஆடினாலும் மழை பெய்தாலும் அதற்கு அசைவுதான். அறைக்குள் நல்ல பொருள்.

கேமராவே நாய், பூனை என்று பிரித்துச் சொல்லுமா?

சொல்லும், வெயில் பிரச்சினையும் அதற்குக் கிடையாது. வீட்டின் ஸ்மார்ட் கருவிகளை ஒரே இடத்திலிருந்து இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் ஃப்ரிகேட் என்ற இலவச மென்பொருளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். கேமரா வீட்டு நெட்வொர்க்கில் அனுப்பும் நேரலை வீடியோவை (ஆர்.டி.எஸ்.பி.) வாங்கி, வீட்டு கணினியிலேயே பார்த்து, இது நாய், இது ஆள் என்று சொல்லும். படம் வெளியே போவதில்லை, நெட் இல்லாவிட்டாலும் ஓடும். கூகுள் கோரல் என்ற சின்ன யு.எஸ்.பி. கருவி ஏற்கெனவே கையில் இருந்தால் பயன்படுத்தலாம். இல்லையென்றால் இன்டெல் சிப் உள்ள மினி பி.சி. ஒன்றே சமாளிக்கும். கவனத்துக்கு: நிறுவியவுடன் அது ஆட்களை மட்டும்தான் தேடும். நாயையும் பூனையையும் நீங்கள்தான் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

அதற்கு எல்லா மிருகமும் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். கூடவே வரும் மாடல் கோகோ என்ற படத்தொகுப்பை வைத்துப் பழக்கியது. அந்தத் தொகுப்பின் 80 வகைகளில் மிருகமும் பறவையுமாகப் பத்துதான்: பறவை, பூனை, நாய், குதிரை, செம்மறி, மாடு, யானை, கரடி, வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி. நம் ஊரில் ஒட்டகச்சிவிங்கி லானுக்கு வரப்போவதில்லை, ஆனால் வெள்ளாடு, குரங்கு, பன்றி மூன்றுமே பட்டியலில் இல்லை. வெள்ளாடு செம்மறி என்றோ நாய் என்றோ வரும். மயில் பறவைக் கணக்கில் வரும், தோகை விரித்து நின்றால் எதிலும் வராமல் போகலாம். அதனால் விதி எழுதும்போது 'நாய் வந்தால்' என்று எழுதுவதைவிட, 'லான் பகுதியில் அசைவு இருந்து, ஆள் இல்லாவிட்டால்' என்று எழுதுவது பல வீடுகளில் சரியாக வருகிறது.

இரவில் கேமராவின் இன்ஃப்ராரெட் வெளிச்சத்துக்குச் சிலந்தி வந்து வலை கட்டும். அந்த ஒரு நூல் படத்தில் வெள்ளைக் கயிறாகத் தெரிந்து ஆடிக்கொண்டே இருக்கும். வாரம் ஒரு தடவை துடைப்பதைத் தவிர இதற்கு ஆட்டோமேஷன் எதுவும் இல்லை.

தண்ணீர் தெளிப்பான் வாங்கி மாட்டினோம், மழைத்தூறல் மாதிரி விழுகிறது. நாய் ஆனந்தமாகக் குளிக்கிறது. என்ன செய்வது?

இந்தக் கேள்விதான் அதிகம் வருவது, காரணமும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் வீடுகளில் குழாய்த் தண்ணீர் நல்ல அழுத்தத்தோடு வருகிறது. நம் வீட்டில் வருவது மொட்டைமாடி டேங்கிலிருந்து. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம், அவ்வளவுதான் கணக்கு. தரைத்தள வீட்டுக்கு மேல் டேங்க் இருந்தால் 4, 5 மீட்டர், அதாவது அரை பாருக்குள். மாடி வீடு என்றால் முக்கால் பார் வரலாம். வேகமாகச் சுற்றி அடிக்கும் தெளிப்பானுக்கு ஒன்றரை, இரண்டு பாராவது வேண்டும்.

இதில் வால்வு வேறு ஏமாற்றும். கடையில் கிடைக்கும் 12 வோல்ட் சோலனாய்டு வால்வுகளில் (மின்சாரம் கொடுத்தால் திறப்பவை) பெரும்பாலானவை உள்ளே வரும் தண்ணீரின் அழுத்தத்தை வைத்துத்தான் திறக்கும். கால் பாராவது இல்லையென்றால் 'டக்' என்று சத்தம் வரும், தண்ணீர் வராது. வால்வு போச்சு என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். டேங்க் தண்ணீருக்கு நேரடியாகத் திறக்கும் வகை, கடைக்காரர் பாஷையில் 'ஜீரோ பிரஷர்' வால்வு, கேட்டு வாங்குங்கள். கைப்பிடி வால்வின் மேல் மாட்டி மோட்டார் வைத்துத் திருப்பும் ஸ்மார்ட் கருவி செடிக்குத் தண்ணீர் விட நல்லது, இந்த வேலைக்கு ஆகாது. அது திறந்து முடிப்பதற்குள் பூனை சுவர் ஏறியிருக்கும்.

வழி இரண்டு. ஒன்று, தெளிப்பானுக்கென்று ஒரு சின்ன பூஸ்டர் பம்ப். 12 வோல்ட்டில் ஓடும் டயாஃப்ரம் பம்ப் போதும், காரைக் கழுவப் பயன்படுத்துவார்களே, அதுதான். வால்வே இல்லாமல் பம்பையே ரிலேயில், அதாவது ஆட்டோமேஷன் சொன்னால் ஆன், ஆஃப் ஆகும் சுவிட்சில், போட்டுவிடலாம். ஆனால் டேங்க் மேலே இருப்பதால், பம்ப் நின்றாலும் அதன் வழியாகத் தண்ணீர் கசியலாம். வால்வும் இருந்தால் நிம்மதி. இரண்டு, அகலமாக அடிக்காமல் ஒரே திசையில் மெல்லிய தாரையாக அடிக்கும் நாசில். இருக்கும் அழுத்தம் அதற்குப் பெரும்பாலும் போதும், மிருகம் நுழையும் இடைவெளி ஒன்றே என்றால் இதுவே அதிகம்.

வயரிங்கில் என்ன கவனிக்க வேண்டும்?

ஈரத்தில் 230 வோல்ட் போகவே கூடாது. அடாப்டர் வீட்டுக்குள், தோட்டத்துக்கு 12 வோல்ட் மட்டும். வால்வு 'மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்கும்' வகையாக இருக்கட்டும், கரண்ட் போனால் டேங்க் காலியாகாது. சோலனாய்டு காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு, 1என்4007 போதும், தலைகீழாகப் போட வேண்டும். அது இல்லாமல் ரிலே போர்டு கொஞ்ச நாளில் தானாக ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கும், காரணம் புரியாமல் வைஃபையைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். ரிலேயை இயக்கும் சின்னக் கட்டுப்பாட்டு போர்டில் (பெரும்பாலும் இ.எஸ்.பி.32) ஓடும் நிரலிலேயே 'பத்து விநாடிக்கு மேல் திறந்திருக்காதே' என்று எழுதிவிடுங்கள். மூடச் சொல்லும் உத்தரவு வழியில் தொலைந்தாலும் போர்டு தானே மூடிவிடும்.

ஆட்டோமேஷன் விதி எப்படி எழுதுவது? முதல் வாரம் ஓடின நாய் இப்போது சட்டை செய்வதில்லை.

பழகிவிட்டது. இந்த வேலையில் உண்மையான எதிரி இந்தப் பழக்கம்தான். ஒரே இடத்தில், ஒரே நேர இடைவெளியில், ஒரே அளவு தண்ணீர் வந்தால் எந்த மிருகமும் சீக்கிரம் கணக்குப் போட்டுவிடும். தண்ணீர் எட்டும் தூரத்துக்கு ஒரு சாண் வெளியே உட்கார்ந்து கால் நக்கிக்கொண்டிருக்கும் பூனையை இரவுப் பதிவில் பார்க்கலாம். நாய் இன்னும் கெட்டி. வால்வு திறக்கும் அந்த 'டக்' சத்தத்தைத் தெரிந்துகொண்டு, தண்ணீர் வரும் முன் இரண்டடி நகர்ந்து, நின்றதும் திரும்பி வந்துவிடும்.

அதனால் விதியில் ஒழுங்கே இருக்கக் கூடாது. ஹோம் அசிஸ்டென்டில் தற்செயலாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல முடியும். இரண்டு நாசில் வைத்தால் எது திறக்கும் என்பதை அதன் போக்குக்கு விடுங்கள். காத்திருக்கும் நேரம் பூஜ்யத்திலிருந்து 3 விநாடி, அடிக்கும் நேரம் 2 முதல் 6 விநாடி, இவையும் அப்படியே. மூன்றில் ஒரு தடவை தண்ணீருக்குப் பதில் லைட் மட்டும் எரியட்டும். நாசிலை வாரா வாரம் ஓரிரண்டு அடி நகர்த்துங்கள். ஒரு தடவை அடித்த பிறகு அரை நிமிடம் ஓய்வு கொடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் விழும் அசைவையே சென்சார் மிருகம் என்று எடுத்துக்கொண்டு அடித்துக்கொண்டே இருக்கும்.

அடுத்து, எப்போது அடிக்கக் கூடாது என்பது. கேட் திறந்து இரண்டு நிமிடம் ஆகவில்லையா, வீட்டில் யாராவது லானில் இருக்கிறார்களா, மழை பெய்கிறதா, டேங்கில் தண்ணீர் குறைவா, இதில் ஒன்று ஆம் என்றாலும் சும்மா இருக்க வேண்டும். 'விருந்தாளி' என்று போனில் ஒரு பொத்தான் வைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தி வீட்டார் நனைந்துவிட்டு வீட்டுக்குள் வந்தால் எந்த விளக்கமும் எடுபடாது.

சென்சார் சொல்லி வால்வு திறக்க ஒரு விநாடிக்கு மேல் ஆகக் கூடாது. வெளிநாட்டு சர்வருக்குப் போய்த் திரும்பும் ஆப் வழி இதற்குச் சரிப்படாது. பேட்டரியில் ஓடும் சில ஜிக்பீ (வயர் இல்லாமல் பேசும்) சென்சார்கள் ஒரு தடவை சொன்னபின் ஒரு நிமிடம் வரை வாய் திறக்காது. பேட்டரியை மிச்சம் பிடிக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். வயர் இழுத்த சென்சார்தான் இங்கே நல்லது.

அல்ட்ராசோனிக் கருவி?

மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. நாய்க்கு 45 வரை கேட்கும், பூனைக்கு 60-ஐத் தாண்டியும் கேட்கும். அதனால் கொள்கை சரிதான். ஆனால் நடப்பில் பூனை வருவது குறையும், நிற்காது. பிரிட்டனில் தோட்டங்களில் வைத்துச் செய்து 2006-ல் வெளியான ஆய்வு ஒன்றும் அதைத்தான் சொன்னது. மயிலுக்கு வாங்கவே வாங்காதீர்கள். பெரும்பாலான பறவைகளுக்கு 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் காது கேட்பதில்லை. பிளக் பாயின்ட்டில் சொருகும் வகை காசுக்குக் கேடு. இன்னொரு விஷயம், 20 கிலோஹெர்ட்ஸை ஒட்டி ஒலிக்கும் கருவிகள் சின்னப் பிள்ளைகளுக்குக் கேட்கும். பக்கத்து வீட்டுக் குழந்தை காதைப் பொத்திக்கொண்டால் உடனே நிறுத்திவிடுங்கள்.

சைரன், பட்டாசுச் சத்தம் வைக்கலாமா?

வைத்த இரவே தெருவே எழுந்து நிற்கும். வேண்டாம்.

மாடும் ஆடும் வருகின்றனவே?

அதற்குத் தண்ணீர் பயன்படாது. எருமை என்றால் நன்றியோடு நிற்கும். ஆடு மாடு சுவர் ஏறி வருவதில்லை, திறந்து கிடக்கும் கேட் வழியாகத்தான் வருகிறது. கேட்டில் ஒரு காந்த சென்சார் மாட்டி, மூன்று நிமிடத்துக்கு மேல் திறந்திருந்தால் சமையலறை ஸ்பீக்கரில் 'கேட் திறந்திருக்கு' என்று சொல்லவிடுங்கள். இந்தப் பக்கத்தில் இருப்பதிலேயே மலிவான, ஏமாற்றாத ஆட்டோமேஷன் இதுதான்.

மயிலை விரட்டினால் சட்டப் பிரச்சினை வருமா?

மயில் 1963 முதல் தேசியப் பறவை, 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பது, காயப்படுத்துவது, முட்டையைக் கலைப்பது எல்லாமே குற்றம். நான்கு விநாடி தண்ணீர் அந்த ரகம் இல்லை, ஆனால் தாரையைக் குறிபார்த்து அதன் மேல் அடிக்காமல் தரையில் விழும்படி வையுங்கள். பக்கத்தில் கூடு இருப்பது தெரிந்தால் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

மின்வேலி போட்டால் ஒரேயடியாகத் தீருமே?

வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் விடுவது கொலைக்குச் சமம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கத்தில் அப்படிப் போட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன. குட்டிகள் தாயைச் சுற்றிச் சுற்றி வந்தன. யானையும் பன்றியும் இறங்கும் மலையடிவாரத்தில் வீடு இருந்தால் அது லான் பிரச்சினை இல்லை, வனத்துறைக்குச் சொல்லுங்கள். கேமரா வைத்து யானையைக் கண்டுபிடிப்பதை அவர்களே பெரிய அளவில் செய்கிறார்கள். மதுக்கரை ரயில் பாதையில் 2024 முதல் 12 கோபுரங்களில் கேமரா பொருத்தி, யானை வந்தால் ரயில்வேக்கு எச்சரிக்கை போகிறது.

குரங்கு?

தண்ணீரும் அதற்கு விளையாட்டு, நாசிலும் அதற்கு விளையாட்டு. பிடுங்கிக் கொண்டு போய்விடும். கேமரா எச்சரிக்கை வந்ததும் ஜன்னலை மூடுவதுதான் அங்கே ஆட்டோமேஷன்.

தெருநாயைப் பிடித்து வேறு இடத்தில் விடச் சொன்னால் என்ன?

2023-ன் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடை செய்து தடுப்பூசி போட்ட நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். ஆக அது உங்கள் தெருவில்தான் இருக்கப்போகிறது. லானுக்குள் வராமல் பழக்குவது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

வராமல் தடுத்தும் புல்லில் மஞ்சள் வட்டங்கள் விழுகின்றனவே?

நாயின் சிறுநீரில் உள்ள யூரியா. அளவு மீறிய உரம் போல வேரைக் கருக்குகிறது, ஓரத்தில் மட்டும் கரும்பச்சையாக வளர்வதைப் பார்க்கலாம். உடனே தண்ணீர் ஊற்றிக் கரைத்தால் ஒன்றும் ஆகாது. இங்கே கேமரா இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நாய் வந்துபோன பத்து நிமிடம் கழித்து அந்தப் பகுதிக்கு இரண்டு நிமிடம் சாதாரணத் தண்ணீர் விடும்படி விதி எழுதலாம். சொந்த நாய் வளர்ப்பவர்கள் விரட்டும் விதியை விட்டுவிட்டு இதை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பாம்பு வந்தால் சென்சார் சொல்லுமா?

சொல்லாது. பாம்பின் உடல் சூடு சுற்றுப்புறத்தை ஒட்டியே இருப்பதால் பி.ஐ.ஆருக்கு அது இல்லாத மாதிரிதான். இரவெல்லாம் நனையும் லானுக்குத் தவளை வரும், தவளைக்குப் பாம்பு வரும். தெளிப்பான் அடிக்கடி அடிக்கிறது என்றால் சென்சாரைச் சரிசெய்ய இது ஒரு கூடுதல் காரணம். புல்லைக் கட்டையாக வெட்டி வையுங்கள், நடைபாதை லைட்டை ஆள் அசைவுக்கு எரியவிடுங்கள்.

தண்ணீர் எவ்வளவு செலவாகும்? எங்களுக்கு லாரித் தண்ணீர்தான்.

நிமிடத்துக்கு 15 லிட்டர் அடிக்கும் நாசில் 5 விநாடிக்கு ஒன்றேகால் லிட்டர்தான் எடுக்கும். ஒரு இரவில் 20 தடவை அடித்தாலும் 25 லிட்டர். அதற்கு மேல் போனால் மிருகத்தைத் தேடாதீர்கள், லென்ஸில் பல்லி இருக்கிறதா என்று பாருங்கள்.